சண்டை எங்கே நடக்கவேண்டும்: ரேண்டி கூட்டூரின் பதினான்கு ஆண்டுகள்

19 வெற்றி, 11 தோல்வி. குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த கூண்டுச் சண்டையான எம்எம்ஏயில் வீரர்களின் கணக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்கள் பெரிதாகத் தெரியாது. கபீப் நுர்மகமதோவ் 29 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வுபெற்றார். வெற்றி விகிதத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் அமெரிக்க வீரர் ரேண்டி கூட்டூரின் பெயரைக் கீழே எங்கேயோதான் தேடவேண்டியிருக்கும்.

ஆனால் அந்த 30 சண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூஎஃப்சியில் அவர் இறங்கியது 24 முறை. அதில் 15 சண்டைகள் பட்டத்துக்காக நடந்தவை. ஹெவிவெயிட் பட்டத்தை மூன்று முறையும் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை இரண்டு முறையும் வென்றார். யூஎஃப்சியில் இரண்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். கடைசிப் பட்டத்தை வென்றபோது வயது 43. அந்த வயதில் யூஎஃப்சி பட்டம் வென்றவர் இதுவரை வேறு யாரும் இல்லை.

எதிராளியைவிட வேகமானவராகவோ, பலமாகக் குத்துகிறவராகவோ, இளையவராகவோ அவர் இருந்தது அபூர்வம். அவருக்கு இருந்த பெரிய சொத்து ஒன்றுதான்: சண்டை கூண்டுக்குள் எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கத்தில் நடக்கவேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். கூண்டுக்கு வெளியே அந்த உரிமையைப் பெற இரண்டு முறை நிறுவனத்தோடு மோதினார். அங்கே அவரால் ஜெயிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கூட்டூர் யார் என்று புரியும்.

1963-இல் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் பிறந்தவர். அமெரிக்க ராணுவத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தார். பிறகு ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக மல்யுத்தம் செய்து, தேசியக் கல்லூரிப் போட்டியில் இரண்டு முறை இறுதிவரை போய்த் தோற்றார். கிரேக்கோ-ரோமன் மல்யுத்தத்தில் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கு மூன்று முறை மாற்று வீரராகத் தேர்வானார். ஒரு முறைகூட ஒலிம்பிக் மேடை ஏறவில்லை. 33 வயதில் அவர் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர். அந்த வயதில் பல மல்யுத்த வீரர்கள் ஓய்வுபெற்றுவிடுவார்கள். அவர் அப்போதுதான் ஆரம்பித்தார்.

1997 மே மாதம், ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் ‘யூஎஃப்சி 13’ என்ற நிகழ்ச்சி. அன்றைய யூஎஃப்சி இன்றைக்கு நாம் பார்க்கும் யூஎஃப்சி கிடையாது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை ஒழிக்கவேண்டும் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். கேபிள் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஒளிபரப்பைக் கைவிட்டன. கையுறை கட்டாயமாக்கப்பட்டதே அந்த ஆண்டின் பிற்பாதியில்தான். ஒரே இரவில் இரண்டு பேருடன் மோதவேண்டிய நான்கு பேர் போட்டியில் கூட்டூர் இறங்கி, இரண்டு பேரையும் வீழ்த்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் கொண்டுவந்தது என்ன என்று புரிய, கிரேக்கோ-ரோமன் மல்யுத்தத்தின் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளவேண்டும். அதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக்கூடாது. காலைப் பிடித்து இழுத்து விழவைப்பது, காலால் தட்டிவிடுவது எதற்கும் அனுமதி இல்லை. ஆகவே எல்லா வேலையும் நின்றபடியே, மார்போடு மார்பு உரசும் நெருக்கத்தில், கைகளாலும் இடுப்பாலும் நடக்கும். எதிராளியின் அக்குளுக்கு அடியில் யாருடைய கை நுழைகிறதோ அவர் மேலே; வெளியே மாட்டிக்கொள்ளும் கைக்காரர் கீழே. அந்த உள்ளிடத்துக்காக இரண்டு பேரும் கையை மாற்றி மாற்றி நுழைத்துக்கொண்டே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேர் சும்மா கட்டிப்பிடித்து நிற்பதுபோல் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ மூச்சு முட்டும்.

குத்துச்சண்டையில் இப்படிக் கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். எம்எம்ஏயில் உடனே பிரிப்பதில்லை. கூட்டூர் தன் தொழிலைக் கட்டியது அந்த இடைவெளியில்தான். ஒரு கையால் எதிராளியின் பிடரியைப் பிடித்துக் கீழே இழுப்பார். நெற்றியை அவர் தாடைக்கு அடியில் முட்டுக்கொடுப்பார். மறு கையால் ஓரடித் தூரத்திலிருந்து மேல்நோக்கிக் குட்டைக் குத்துகளைச் செலுத்துவார். கழுத்தில் ஒரு மூட்டை அரிசி தொங்குவதுபோல் அவருடைய எடை முழுக்க எதிராளி மேல் இருக்கும். முதுகுக்குப் பின்னால் கூண்டின் வேலி, பின்வாங்க இடமில்லை. அந்தக் குத்துகளில் ஒன்றுகூடத் தனியாக ஆளைச் சாய்க்காது. ஆனால் மூன்று நிமிடம் இப்படி நின்றவருக்கு நான்காவது நிமிடத்தில் கை தூக்க முடியாது. இதற்கு ‘டர்ட்டி பாக்ஸிங்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று வேலியோரச் சண்டை தெரியாமல் யாரும் மேல்மட்டத்தில் நிற்க முடியாது. அந்தப் பாடத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதிக் காட்டியவர் கூட்டூர்.

முதல் பெரிய சாட்சி 1997 அக்டோபரில் வந்தது. எதிராளி பிரேசிலின் விட்டோர் பெல்ஃபோர்ட்: வயது 20, தோல்வியே காணாதவர், ஆரம்ப நொடிகளிலேயே எதிரிகளைக் குத்திச் சாய்த்துவிடும் கை வேகம். கூட்டூருக்கு 34. பெல்ஃபோர்ட் ஜெயிப்பார் என்பதுதான் பரவலான எதிர்பார்ப்பு. கூட்டூர் அந்த இடது கையின் வழியில் நிற்காமல் சுற்றினார், நெருங்கினார், பிடித்தார், விடவில்லை. எட்டு நிமிடம் கடந்தபோது இளைஞருக்கு மூச்சு இல்லை, நடுவர் நிறுத்தினார். இரண்டு மாதம் கழித்து ஜப்பானின் யோகோஹாமாவில் மாரிஸ் ஸ்மித்தைத் தோற்கடித்து ஹெவிவெயிட் பட்டத்தையும் வாங்கிவிட்டார்.

வாங்கிய பட்டத்தை ஒரு முறைகூடக் காக்கவில்லை. சம்பள ஒப்பந்தத்தில் தகராறு. அன்றைய உரிமையாளர்களோடு உடன்பாடு வராமல் வெளியேறினார், பட்டம் பறிக்கப்பட்டது. நிறுவனத்தோடு அவருடைய முதல் மோதல் அது.

வெளியே இருந்த காலத்தில் ஜப்பானில் சண்டை போட்டார். யூஎஃப்சிக்கு வெளியே அவருக்கு மொத்தம் மூன்று தோல்விகள். மூன்றுமே அங்கே வந்தவை, மூன்றுமே பிடி போட்டுப் பணியவைக்கப்பட்ட தோல்விகள். என்சன் இனோவே கையை மடக்கினார், மிகைல் இல்யூகின் தோளை முறுக்கினார், வாலென்டைன் ஓவரீம் கழுத்தை நெரித்தார். நின்றபடி கட்டிப்பிடிப்பதில் கரைகண்டவருக்குத் தரையில் நடக்கும் ஜுஜித்சு அப்போது அரைகுறை. அதை அவர் மறைக்கவில்லை, கற்றுக்கொண்டார். ஓரிகனில் மேட் லிண்ட்லேண்ட், டான் ஹெண்டர்சன் ஆகியோரோடு டீம் குவெஸ்ட் என்ற பயிற்சிக்கூடத்தை உருவாக்கினார். மூவருமே கிரேக்கோ-ரோமன்காரர்கள். அந்தக் கூடத்தின் சண்டை முறையே தனி வாசனையோடு இருந்ததில் வியப்பில்லை.

2000 நவம்பரில் யூஎஃப்சிக்குத் திரும்பி கெவின் ராண்டில்மேனை வீழ்த்தி மீண்டும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் ஸுஃபா என்ற நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு யூஎஃப்சியை வாங்கியது. பெட்ரோ ரிசோவை இரண்டு முறை வென்ற பிறகு, 2002-இல் அவரைவிட உடல் கனத்த இரண்டு பேர் வந்தார்கள். ஜோஷ் பார்னெட்டிடம் தோற்றார். தடைசெய்யப்பட்ட மருந்து சோதனையில் தெரியவர, பார்னெட்டிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டது. காலியான பட்டத்துக்கு ரிக்கோ ரோட்ரிகஸோடு மோதி, ஐந்தாவது ரவுண்டில் முழங்கை அடியில் கண்குழி எலும்பு உடைந்து தோற்றார். வயது 39. இத்தோடு முடிந்தது என்று பலர் எழுதினார்கள்.

அவர் எடைப்பிரிவு ஒன்று கீழே இறங்கி, 93 கிலோ லைட் ஹெவிவெயிட்டுக்குப் போனார். 2003 ஜூனில், 40 வயது முடிய இரண்டு வாரம் இருக்கும்போது சக் லிடெலைச் சந்தித்தார். அப்போது லிடெலைக் கண்டு எல்லோருக்கும் பயம். அவர் குத்துகள் வெளியிலிருந்து வளைந்து, வீச்சாக வரும். தன்னைத் தரையில் வீழ்த்த வருபவர் யாரானாலும் தடுத்து, நிற்கவைத்து அடிப்பார். கூட்டூர் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார் என்றுதான் லிடெல் தரப்பும் எதிர்பார்த்திருக்கும். கூட்டூரோ முதலில் நின்றே குத்தினார். வளைந்து வரும் கைக்கு நடுவே ஒரு நேர்க்கோட்டு வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் நேராகப் போகும் கை முதலில் சேரும். லிடெலின் கை சுற்றி வருவதற்குள் கூட்டூரின் நேர்க்குத்து முகத்தில் விழுந்தது. லிடெல் குழம்பினார், பின்வாங்கினார். பின்வாங்குகிறவரைப் பிடித்துத் தரையில் போடுவது மல்யுத்தக்காரருக்குச் சுலபம். மூன்றாவது ரவுண்டில் மேலே ஏறி உட்கார்ந்து குத்தி முடித்தார். என் பார்வையில் அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த சண்டை இதுதான். மல்யுத்தத்தைக் காட்டிப் பயமுறுத்திக் குத்தினார், குத்தைக் காட்டிப் பயமுறுத்தி மல்யுத்தம் செய்தார்.

மூன்று மாதம் கழித்து, ஐந்து முறை பட்டத்தைக் காத்திருந்த டிட்டோ ஒர்டீஸை ஐந்து ரவுண்டும் கீழே போட்டு வைத்தார். ஒர்டீஸின் பலமே எதிராளியைத் தரையில் போட்டு மேலிருந்து அடிப்பது. அதை அவர் மேலேயே திருப்பிவிட்டார். கடைசி விநாடிகளில் ஒர்டீஸ் கால் பிடிக்காகப் புரண்டு கிடந்தபோது கூட்டூர் அவர் பின்புறத்தில் சின்னப் பையனை அடிப்பதுபோல் தட்டியது இன்றும் ரசிகர்கள் சொல்லிச் சிரிக்கும் காட்சி.

அப்புறம் ஏற்ற இறக்கம். 2004 ஜனவரியில் பெல்ஃபோர்டின் கையுறைத் தையல் இமையைக் கிழிக்க, 49 வினாடியில் பட்டம் போனது. ஆகஸ்டில் திரும்ப வந்தது. 2005-இல் ‘தி அல்டிமேட் ஃபைட்டர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் லிடெலும் அவரும் பயிற்சியாளர்களாக வந்தார்கள். அந்த நிகழ்ச்சிதான் யூஎஃப்சியை நஷ்டத்திலிருந்து தூக்கியது. அதைத் தொடர்ந்த சண்டையில் லிடெல் அவரை முதல் ரவுண்டிலேயே நாக்அவுட் செய்தார். 2006 பிப்ரவரியில் மறுபடியும் நாக்அவுட். 2003-இல் ஏமாந்த லிடெல், கூட்டூர் உள்ளே நுழையும் கணத்துக்காகக் காத்திருந்து அடிக்கக் கற்றிருந்தார். கூட்டூர் கையுறையைக் கழற்றி ஓய்வை அறிவித்தார். அதே ஆண்டு யூஎஃப்சியின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.

ஓய்வு ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கியது. 2007 மார்ச் 3, ஓஹையோவின் கொலம்பஸ். ஹெவிவெயிட் சாம்பியன் டிம் சில்வியா 6 அடி 8 அங்குலம். கூட்டூர் 6 அடி 1 அங்குலம். சில்வியாவின் முறை எளிது: நீளமான இடது கையை முன்னால் நீட்டி, யாரையும் அருகில் விடாமல் தூரத்திலிருந்தே குத்துவது. அந்தத் தூரத்தில் நின்றால் கூட்டூருக்கு வாய்ப்பே இல்லை. மணி அடித்த சில நொடிகளில், நீண்ட அந்தக் கைக்கு மேலாக ஒரு வலது கையை வளைத்து வீசினார். சில்வியா உட்கார்ந்துவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது. விழுந்தவரின் முதுகில் தொற்றிக்கொண்டு அந்த ரவுண்டை முடித்தார். அந்த ஒரு குத்துக்குப் பிறகு சில்வியா கையை நீட்டவே தயங்கினார். கையை நீட்டாத சில்வியாவுக்குத் தன் உயரத்தால் பயனில்லை. மூன்று நடுவர்களும் 50-45 என்று எழுதினார்கள், அதாவது ஐந்து ரவுண்டும் கூட்டூருக்கே.

43 வயதில் இது எப்படி முடிந்தது? சில காரணங்கள் தெளிவானவை. அவர் தொழிலுக்கு வந்ததே 33-இல்; இருபதுகளில் தலையில் வாங்கியிருக்கவேண்டிய அடிகளை வாங்கவில்லை. மல்யுத்தப் பயிற்சி உடம்பைத் தேய்க்கும், ஆனால் மூளையை அந்த அளவுக்கு உலுக்காது. வயதாகும்போது முதலில் போவது வேகம். பிடியின் பலமும் எடையைச் சாய்க்கும் நுணுக்கமும் மெதுவாகத்தான் போகும். அவர் வேகத்தை நம்பியதே இல்லை. இன்னொன்று, பெரிய எடைப்பிரிவுகளில் எல்லோருமே கொஞ்சம் மெதுவாக இருப்பார்கள். சின்ன எடைப்பிரிவுகளில் 43 வயதுக்காரர் பட்டம் வெல்வது எனக்குக் கற்பனைக்கே எட்டவில்லை.

ஆகஸ்டில் கேப்ரியல் கோன்சாகாவின் உதையைத் தடுத்துக் கை எலும்பு முறிந்த பிறகும் சண்டையைத் தொடர்ந்து ஜெயித்து, 44 வயதில் பட்டத்தைக் காத்தார். அக்டோபரில் யூஎஃப்சிக்கு ராஜினாமா கடிதம் அனுப்பினார்.

அவர் சொன்ன காரணங்கள் இரண்டு: ஒன்று மரியாதையும் பணமும், இன்னொன்று ரஷ்யாவின் ஃபியோடர் எமிலியானென்கோ. அன்று உலகின் தலைசிறந்த ஹெவிவெயிட் என்று கருதப்பட்டவர் ஃபியோடர். அவர் யூஎஃப்சியோடு ஒப்பந்தம் போடாமல் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். கூட்டூருக்கு அந்த ஒரு சண்டைதான் வேண்டியிருந்தது. ராஜினாமா செய்துவிட்டு வெளியே போய் அவரோடு மோதலாம் என்று நினைத்தார்.

அங்கேதான் ஒப்பந்தம் குறுக்கே வந்தது. யூஎஃப்சி ஒப்பந்தங்களில் சாம்பியன் விதி என்று ஒன்று உண்டு: ஒருவர் பட்டம் வைத்திருக்கும்வரை அவருடைய ஒப்பந்தம் தானாக நீளும். நன்றாகச் சண்டை போட்டு ஜெயிக்க ஜெயிக்க வெளியேறும் நாள் தள்ளிப்போகும். ராஜினாமாவை நிறுவனம் ஏற்கவில்லை. நெவாடா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பட்டத்தை அவர் பெயரிலேயே வைத்துக்கொண்டு இடைக்காலப் பட்டம் ஒன்றை உருவாக்கியது; அதை பிரேசில் வீரர் நொகேரா வென்றார். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போனது. 45 வயதை எட்டிய வீரருக்கு ஒரு வருடம் என்பது எத்தனை பெரிய விலை என்று யோசிக்கவேண்டும். 2008 செப்டம்பரில் சமரசம் செய்துகொண்டு திரும்பினார். ஃபியோடரோடு சண்டை கடைசிவரை நடக்கவில்லை. எம்எம்ஏ வரலாற்றில் நடக்காமல் போன சண்டைகளில் எனக்கு ஆறாத வருத்தம் தருவது இதுதான்.

திரும்பி வந்தவருக்கு முதல் எதிராளி பிராக் லெஸ்னர். லெஸ்னருக்கு அது நான்காவது எம்எம்ஏ சண்டை மட்டுமே. ஆனால் அவரும் கல்லூரி மல்யுத்த சாம்பியன், எடை 120 கிலோ. கூட்டூர் 100 கிலோ. வேலியோரத்தில் யார் யாரைச் சாய்ப்பது என்ற கணக்கு இந்த முறை அவருக்கு எதிராகப் போனது. இரண்டாவது ரவுண்டில் தோற்றார். அதற்குப் பிறகு சில வெற்றிகள், சில தோல்விகள். 2010-இல் குத்துச்சண்டையின் முன்னாள் உலகச் சாம்பியன் ஜேம்ஸ் டோனி யூஎஃப்சிக்கு வந்தபோது, கூட்டூர் சில நொடிகளில் கணுக்காலைப் பிடித்துக் கீழே போட்டு, முதல் ரவுண்டிலேயே பிடி போட்டு அனுப்பிவைத்தார். 2011 ஏப்ரல் 30 அன்று டொரொன்டோவில், 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னால், லியோட்டோ மச்சிடா குதித்து வைத்த முன் உதை அவர் வாயில் இறங்கியது. 47 வயதில் ஓய்வு. இந்த முறை திரும்பவில்லை.

அவர் விட்டுச்சென்ற முறை தொடர்ந்தது. 2018 ஜூலையில், 39 வயது டேனியல் கார்மியர் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஸ்டீபே மியோசிச்சைச் சாய்த்த குத்து, கட்டிப்பிடி பிரியும் கணத்தில் போட்ட வலது கை. அதைப் பார்த்தவுடன் பழைய ரசிகர்களுக்கு யார் நினைவுக்கு வந்திருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒப்பந்தச் சண்டையும் நிற்கவில்லை. 2017 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைத் துணைக்குழு முன் கூட்டூர் சாட்சியம் சொன்னார். குத்துச்சண்டை வீரர்களுக்கு 2000-ஆம் ஆண்டின் முகமது அலி சட்டம் இருக்கிறது: போட்டி அமைப்பாளர் ஈட்டும் வருமானத்தை வீரருக்குத் தெரிவிக்கவேண்டும், கட்டாயப்படுத்தி நீண்டகாலத்துக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இதை எம்எம்ஏக்கும் விரிக்கவேண்டும் என்பது அவர் கோரிக்கை. முன்பு தானே எம்எம்ஏ வீரராக இருந்த மார்க்வெய்ன் மல்லின் என்ற உறுப்பினர் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். யூஎஃப்சி தரப்பு எதிர்த்தது. குத்துச்சண்டையில் பட்டம் தருவதும் தரவரிசை போடுவதும் தனி அமைப்புகள். யூஎஃப்சியில் பட்டமும் போட்டியும் ஒப்பந்தமும் ஒரே கையில் இருக்கின்றன. கூட்டூர் சுட்டிக்காட்டியது அந்த வேறுபாட்டைத்தான். மசோதா சட்டமாகவில்லை.

லாஸ் வேகாஸில் அவர் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் கூட்டூர் பயிற்சிக்கூடத்தில் தயாரானவர் பிரான்சிஸ் இங்கானு. 2021-இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன அவர், 2023 ஜனவரியில் பட்டம் கையில் இருக்கும்போதே யூஎஃப்சியிலிருந்து வெளியேறி, அதே ஆண்டு டைசன் ஃபியூரியோடு குத்துச்சண்டை மேடை ஏறினார். அவருடைய ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு உச்சவரம்பு இருந்தது. சாம்பியன் ஆனாலும் அதற்கு மேல் நீளாது. 2007-இல் கூட்டூருக்கு அப்படியொரு வரம்பு இருந்திருந்தால் ஃபியோடர் சண்டை நடந்திருக்கலாம்.

இதற்கிடையில், 2014 டிசம்பரில் சில வீரர்கள் யூஎஃப்சி மேல் ஏகபோக வழக்குத் தொடுத்தார்கள். சந்தையைத் தன் கையில் வைத்துக்கொண்டு வீரர்களின் சம்பளத்தை அமுக்குகிறது என்பது குற்றச்சாட்டு. நிறுவனத்தின் வருமானத்தில் வீரர்களுக்குப் போவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. பத்து ஆண்டு இழுத்து, 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2010 டிசம்பர் 16 முதல் 2017 ஜூன் 30 வரை யூஎஃப்சியில் சண்டையிட்டவர்களுக்கே அந்தப் பணம். கூட்டூரின் 24 யூஎஃப்சி சண்டைகளில் இந்தத் தேதிகளுக்குள் வருவது ஒன்றே ஒன்று, டொரொன்டோவில் மச்சிடாவிடம் தோற்றது.